மொதல்ல வந்தவன் கல்லுமனுசன்

தம்பி, கோவிச்சுக்காதீங்க. எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதான் நானும் சன்னலுக்கு வெளிய பாத்துட்டு வந்தேன். பஸ்ஸுல ரெண்டு பேரு சீட்டு இத்துனூண்டு இருந்தா கண்ணு வேற எங்கீங்க போகும். செல்லுல ஓடறது பருந்தரசி படந்தானுங்க? நெனச்சேன். அந்த றெக்கையப் பாத்ததுமே நெனச்சேன். நிறுத்துங்க. சித்த நிறுத்திப்போட்டு நான் சொல்றதக் கேளுங்க. இதுக்கு முந்தி கல்லுமனுசன் படத்தப் பாத்துட்டீங்களா?

இப்படியும் தலைய ஆட்டறீங்க, அப்படியும் ஆட்டறீங்க. சரி, பாக்கலைன்னே வெச்சுக்கறேன். பாக்காம இதப் பாத்தீங்கன்னா கெட்டுதுங்க கதை. எலையில மொதல்ல மோர ஊத்திட்டு அப்புறமேட்டுக்குக் கொழம்பு கேக்கற மாதிரி.

நான் பெருமாநல்லூருல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

என்ற பேரு மாகாளிங்க. கோபியில மைக் மாகாளின்னு கேட்டா பச்சக் கொழந்தை கூடக் கை காட்டும். ஆட்டோவுல ரெண்டு கொழாய் ஸ்பீக்கர் கட்டிட்டு, 'வந்துவிட்டது, வந்துவிட்டது, மாபெரும் தள்ளுபடி'ன்னு ஒரு கொரலு வருமுங்களே, அது நாந்தான். நடுவுல 'ஏனுங்க, எனக்கும் ஒரு பட்டுச்சேலை எடுங்க'ன்னு ஒரு அம்மா கேக்கும், 'வா புள்ளே போலாம்'னு ஒரு ஆளு சொல்லுவான், ரெண்டும் நாந்தான். பின்னால ஒரு ஆட்டுக்குட்டி கத்தும். அதுவும் நாந்தான். துணிக்கடை வெளம்பரத்துல ஆட்டுக்குட்டி எதுக்குன்னு கடைக்காரரு கேட்டாரு. இருக்கட்டுமுங்க, வாய் சும்மாதானே இருக்குதுன்னேன்.

படிப்பு ஏறல. எட்டாவதுல எங்க வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டிட்டு இருந்தேன், பசங்க யாரும் சிரிக்கல. என்னடா சிரிக்க மாட்டேங்கறானுகன்னு திரும்பிப் பாத்தா அவரு பின்னால நிக்கறாரு. அதோட செரி பள்ளிக்கூடம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்தக் கல்லுமனுசன் கூட்டம் வர்ற ஏழு காவலர் படமெல்லாம் இங்கிலீசுக்காரன் எடுத்து, தமிழ்ல பேச வெச்சு விட்டிருக்கான். மொத்தம் எத்தனைன்னு எடுத்தவனுக்கே தெரியாது. படம் ஒரு பக்கம், டிவித் தொடர் ஒரு பக்கம். கல்லுமனுசனோட கூட்டாளிக்கு ஒரு தொடர், அந்தக் கூட்டாளி வளக்கற நாய்க்கு ஒரு தொடர். எதுல ஆரம்பிக்கறதுன்னு தெரியாம பாதிச் சனம் கிறுக்குப் புடிச்சுத் திரியுது. ஆனா வழி இருக்குதுங்க. எது மொதல்ல தியேட்டருக்கு வந்துச்சோ அத மொதல்ல பாக்கோணும். அம்புட்டுத்தான்.

மொதல்ல வந்தவன் கல்லுமனுசன். ஒத்த ஆளு. றெக்கை கெடையாது, பறக்கத் தெரியாது, நடந்தா தரை வெடிக்கும், அதுதான் அவன்கிட்ட இருக்கற வித்தை. அவன் ஓடுனதாலதானுங்க மத்தவனெல்லாம் வந்தான். பருந்தரசி எப்ப வந்தா? பத்துப் பன்னெண்டு படத்துக்குப் பொறவு. வந்துட்டு என்னங்கறா? கதைப்படி நாந்தான் மூத்தவ, கல்லுமனுசன் பொறக்கறதுக்கு முந்தியே நான் இருக்கறேன், என்னையத்தான் மொதல்ல பாக்கோணும்ங்கறா. இது எந்த ஊரு நியாயமுங்க? ஒருத்தன் ஒத்தையா வந்து, அந்த ஊட்டுக்கு நல்லது கெட்டதுக்கெல்லாம் நின்னு, எல்லாத்தையும் சிரிக்க வெச்சு ஒக்காந்திருக்கான். நேத்து வந்துட்டு, எந்திரி, அது என்ற எடம்னா?

இதையேதான் என்ற சம்சாரம் வசுமதிகிட்டச் சொன்னேன். அவ அரிசி பொடச்சுட்டு இருந்தா. 'நீங்க படத்தப் பத்தித்தான் பேசறீங்களா'ன்னா. வேற எதப் பத்திங்க பேசறேன்? அவளுக்கு சினிமா ஞானம் கொஞ்சம் கம்மி.

இந்தச் சண்டை ஆரம்பிச்சது பெருமாநல்லூருல, என்ற மாமனாரூட்டுல. மாமா பேரு ஆறுச்சாமி. மில்லுல போர்மேனா இருந்தவரு. ரெண்டு பொண்ணு. மூத்தது இந்துமதி, எளையது வசுமதி. மூத்தது ஊட்டுல இருக்கறப்ப எளையதுக்குப் பாக்கறது வழக்கமில்லீங்க. ஆனா இந்துமதி மேல மேல படிக்கறேன்னு ஒக்காந்துருச்சு. 'எனக்காகக் காத்துட்டு இருக்காதீங்கப்பா, வசுவுக்கு முடிங்க'ன்னு அதே சொல்லிருச்சு. அப்படித்தான் நான் அந்த ஊட்டுக்குள்ள போனேன்.

எட்டு வருசமுங்க. எட்டு வருசம் அந்த ஊட்டுக்கு ஒரே மாப்ளை நான். 'மாப்ளே'ன்னு மாமா வாசல்ல நின்னு கூப்பிட்டா அது யாருன்னு தெருவுக்கே தெரியும். நோம்பி, பண்டிகைக்குப் போனா மாமா பக்கத்து எலை நம்முளுது. ஈரல் வறுத்தா மொதக் கரண்டி என்ற எலைக்குத்தான். மாமா பேசறத அவரு முன்னாலயே பேசிக் காட்டுவேன். 'ம்ம்... வந்தீங்ளா... ம்ம்... ஒக்காருங்க... ம்ம்... அங்க மழையா.' வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ம்ம்' வெப்பாரு. ஸ்டேசனுக்கு ஸ்டேசன் நிக்கற ரயிலு மாதிரி. நான் பேசறதக் கேட்டுட்டு அவரே தொடையத் தட்டிச் சிரிப்பாரு.

அப்புறம் இந்துமதிக்கு ஒருத்தன் வந்தானுங்க. தரணிதரன். என்ற சகலை. அவினாசிப் பக்கம் காலேஜு வாத்தியார். என்னைய விட நாலு வயசு சின்னவன். ஆனா மூத்தவளக் கட்டிட்டானா, நான் அவன 'அண்ணா'ன்னு கூப்பிடோணுமாம். கூப்பிடறேன், வேற வழி? மொதத் தீவாளி. நான் பாட்டுக்கு எப்பவும் போல மாமா பக்கத்து எலையில போயி ஒக்காந்தேன். என்ற அத்தை, மாமியாருங்க, நல்ல மனுசி, சூதுவாது தெரியாது. ஈரல் கிண்ணத்தோட வந்து நின்னு, 'சின்ன மாப்ளே, சித்தத் தள்ளி ஒக்காருங்க, பெரிய மாப்ளை வர்றாரு'ன்னாங்க.

சின்ன மாப்ளையாம். எட்டு வருசம் மாப்ளையா இருந்தவன், எலைக்குத் தண்ணி தெளிக்கறதுக்குள்ள சின்ன மாப்ளை ஆயிட்டேன். தள்ளி ஒக்காந்தேன். ஈரல் அங்கயே நின்னு போச்சு. நம்ம எலை வரைக்கும் காலிக் கிண்ணம்தான் வந்துச்சு. நான் இதெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளு இல்லீங்க. அன்னைக்கே மறந்துட்டேன்.

ஆளு எப்படிப் பேசுவான்னு கேளுங்க. இருங்க, தொண்டையச் சரி பண்ணிக்கறேன். 'பேசிக்கலி...' அதானுங்க ஆரம்பமே. சோறு போடட்டுமான்னா, 'பேசிக்கலி, கொஞ்சம்.' பேன் போடட்டுமான்னா, 'பேசிக்கலி, ரெண்டுல வைங்க.' சிரிக்கறீங்க. நேருல பாத்தா இன்னும் சிரிப்பீங்க.

போன ஐப்பசியில மாமா மொபட்டுக்கு ஸ்டாண்டு போடறப்ப வண்டி சாஞ்சு இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. ஆபரேசன் பண்ணிக் கட்டல்ல போட்டுட்டாங்க. மொத வாரம் ஒறம்பரைச் சனமெல்லாம் ஆப்பிளோட வந்துச்சு. ரெண்டாவது வாரம் ஆப்பிளும் இல்ல, ஆளும் இல்ல. மனுசன் செவுத்தையே பாத்துட்டுக் கெடந்தாரு. 'ம்ம்' கூடக் கொறஞ்சு போச்சு.

ஒரு நாயித்துக்கெழமை போனேன். டிவியில கல்லுமனுசன் ஓடிட்டு இருந்துச்சு. 'ம்ம்... யாரு மாப்ளே இவன்... ம்ம்... காரை பேந்த செவுரு மாதிரி'ன்னாரு. போதாதா எனக்கு? டிவி சத்தத்த அமுக்குனேன். எல்லாத்துக்கும் நானே பேசுனேன். சாம்பல் ராசா, அவன்தான் வில்லன், அவன் சொல்றான், 'ஏன்டா கல்லு, உனக்கெதுக்குடா ஒலகத்தக் காப்பாத்தற வேலை, பேசாம அம்மிக்கல்லாப் போயிரு.' அதுக்குக் கல்லுமனுசன், 'அம்மியானாலும் மொதல்ல உன்னையத்தாண்டா அரைப்பேன்.' மாமா சிரிச்சுச் சிரிச்சு, தையல் போட்ட எடம் வலிக்குது மாப்ளேன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. அடுப்படியில இருந்து அத்தை கரண்டியோட ஓடி வந்தாங்க.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். மொதல்ல வந்ததுல இருந்து வரிசையா எல்லாப் படத்தையும் மாமாவுக்கு நாந்தான் போட்டுக் காட்டறதுன்னு. வரிசையாப் போனா கடைசியில ஒரு எடம் வருமுங்க. பருந்தரசி மொகமூடியக் கழட்டற எடம். அங்க மாமா வாயப் பொளக்கோணும். அந்த மொகத்த நான் பாக்கோணும். பாத்துட்டா எனக்கு மாமா பக்கத்து எலை திரும்பக் கெடைச்ச மாதிரி.

மொகமூடிக்குள்ள யாருன்னா கேக்கறீங்க? சொன்னாக் கெட்டுருமுங்க. பரவால்லையா? அவ கல்லுமனுசனப் பெத்த அம்மாங்க. நீங்க வாயே பொளக்கலையே. அடக்கமான ஆளு.

ரெண்டு வாரங் கழிச்சுப் போறேன், வாசல்லயே கும்முகும்முன்னு சத்தம். உள்ள பாத்தா டிவிக்குக் கீழ நீட்டமா ஒரு ஸ்பீக்கர். பெரிய மாப்ளை வாங்கி மாட்டுனதாம். தம்பி, நான் சவுண்டு சர்வீசுக்காரன். என்ற மாமனாரூட்டுல இன்னொருத்தன் ஸ்பீக்கர் மாட்டறான். டெய்லரோட மாமனாரு ரெடிமேடு சட்டை போட்டுட்டு அவன் முன்னாலயே நிக்கற மாதிரி இருந்துச்சுங்க. சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். டிவியப் பாக்கறேன், பருந்தரசி பறந்துட்டு இருக்கறா.

'அண்ணா, இது என்னுங்ண்ணா'ன்னேன்.

'பேசிக்கலி, கதை நடந்த வருசப்படி பாத்தாத்தான் மாமாவுக்குப் புரியும். மொதல்ல பொறந்தவங்க மொதல்ல வரணும்.'

'மொதல்ல வந்தவன் மொதல்ல வரோணும்.'

'யாரு மூத்தவங்க, அதச் சொல்லுங்க.'

'யாரு முந்தி வந்தா, அத நீங்க சொல்லுங்க.'

அவன் எந்திரிச்சான், நானும் எந்திரிச்சேன். கொண்டு வந்த காப்பிய அத்தை எங்க வெக்கறதுன்னு தெரியாம அவிங்களே குடிச்சுட்டாங்க. மாமா அந்தப் பக்கம் பாக்கறாரு, இந்தப் பக்கம் பாக்கறாரு. பாவம், எங்க சத்தம் தாங்கல போல. ஆபரேசனுக்குப் பொறவு அன்னைக்குத்தான் தலகாணி இல்லாம நிமிந்து ஒக்காந்தாரு. மொகமெல்லாம் செவந்து கண்ணு மின்னுது. காய்ச்சலோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னுதான் இருந்துச்சு.

அவன் போனதும், 'என்னுங்க மாமா இப்படிப் பண்ணிட்டீங்க'ன்னேன். 'ம்ம்... பெரிய மாப்ளை போட்டாரு... ம்ம்... நான் கண்ண மூடிட்டுத்தான் மாப்ளே இருந்தேன்'னாரு. எனக்காகக் கண்ண மூடிட்டு இருந்திருக்கறாரு பாருங்க. யாருங்க செய்வா?

அப்புறம் நாளப் பிரிச்சுக்கிட்டோம். நாயிறும் செவ்வாயும் நான், புதனும் சனியும் அவன். என்ற நாள்ல என்ற வரிசை, அவன் நாள்ல அவன் வரிசை. ரெண்டும் கலந்தா மாமாவுக்குக் கொழம்புமேன்னு கேட்டேன். 'ம்ம்... அதெல்லாம் கொழம்பாது மாப்ளே... நீங்க வாங்க'ன்னாரு. ஒரு நகைக்கடைத் தெறப்புக்கு என்னைய மைக்குக்குக் கூப்பிட்டாங்க. செவ்வாக்கெழமையான்னு கேட்டேன், ஆமான்னாங்க. முடியாதுன்னுட்டேன்.

என்ற நாளெல்லாம் நல்லாத்தான் போகும். சனிக்கெழமைதானுங்க ஆகாது. அவன் அங்க மாமா பக்கத்துல ஒக்காந்திருப்பான்னு நெனச்சா இங்க நான் மைக்கக் கீழ வெச்சுருவேன். அத்தைக்குப் போன் போடுவேன். 'என்ன படமுங்க அத்தை ஓடுது, றெக்கை இருக்குதுங்களா.' 'தெரியலீங்க மாப்ளே, ஒரே இருட்டா இருக்குது'ம்பாங்க. பின்னால மாமா சிரிக்கற சத்தம் கேக்கும். என்னத்தச் சொன்னான்னு சிரிக்கறாரு? அவனுக்கு ஒரு காக்காக் கொரலு கூட வராது. ஸ்பீக்கரப் பாத்தா சிரிக்கறாரு? அன்னைக்குச் சோறு எறங்காதுங்க. வசுமதி, 'படத்துக்கா இந்தப் பட்டினி'ம்பா. படத்துக்குத்தான். வேற எதுக்கு?

இன்னொண்ணு கவனிச்சேன். நான் கொரல் குடுக்கறப்ப மாமா டிவியவே பாக்க மாட்டேங்கறாரு. என்ற வாயையே பாத்துட்டு இருக்கறாரு. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்.

கடைசியா அந்த நாள் வந்துச்சுங்க. மொகமூடி எடம். செவ்வாக்கெழமை. புதுச்சட்டை போட்டுட்டுப் போனேன். பருந்தரசி கல்லுமனுசன் முன்னால வந்து நிக்கறா. கைய மொகத்துக்குக் கொண்டு போறா. நான் கொரல எறக்கி, மூச்சப் புடிச்சு, 'மகனே'ங்கறதுக்கு வாயத் தெறக்கறேன். இன்னும் மொகமூடி மேல கூட அவ கை படலீங்க. மாமா ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சுட்டு, 'அடடா... ம்ம்... அவனோட அம்மாவா'ங்கறாரு.

மொகமூடி பாட்டுக்கு அப்புறமாக் கழண்டுச்சு. யாரு பாத்தா?

யாரு சொல்லியிருப்பா? வேற யாரு? வெளிய போயி சகலைக்குப் போனப் போட்டேன். 'அண்ணா, நீங்க படிச்சவரு. இப்படி ஒரு காரியம் பண்ணலாமுங்களா. மாமாகிட்ட முன்னாலயே சொல்லிட்டீங்களே'ன்னேன். அவன் என்ன சொல்றான்னு கேளுங்க. 'பேசிக்கலி, நான் எதுவும் சொல்லலீங்க. எங்கிட்டயும் அப்படித்தான். சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கிறாரு. நீங்கதான் எல்லாத்தையும் சொல்லி வெச்சுட்டீங்கன்னு நானும் வருத்தத்துல இருக்கேன்.' பாத்தீங்களா நடிப்ப. கொரலுகூட லேசாத் தழுதழுத்துச்சு. என்ற தொழிலுக்கு வந்திருந்தா என்னையத் தூக்கிச் சாப்புட்டிருப்பான்.

உள்ள வந்து அத்தைகிட்ட நியாயம் கேட்டேன். அத்தை பூண்டு உரிச்சுட்டே, 'உங்க மாமாவா? செல்லுல அத்தனையும் பாத்து முடிச்சு வெகு நாளாச்சே மாப்ளே. நீங்க ரெண்டு பேரும் வராத நாள்ல அதுதானே பொழப்பு'ன்னாங்க. அத்தைக்கு எல்லா இங்கிலீசுப் படமும் ஒண்ணுதானுங்க. வேற ஏதாவது சண்டைப் படத்தப் பாத்திருப்பாரு. இவிங்க அத இதுன்னு நெனச்சுட்டாங்க.

இப்ப மாமாவுக்கு நல்லாயிருச்சு. தடிய ஊனிட்டு மாரியம்மன் கோயிலு வரைக்கும் போயிட்டு வர்றாராம். ஆனா பாருங்க, நான் போற அன்னைக்கு மட்டும் கரெக்டா வலி வந்துருது. கட்டல்ல சாஞ்சுட்டு 'ம்ம்... முடியல மாப்ளே'ங்கறாரு. சனிக்கெழமையும் வருதாம், அத்தை சொன்னாங்க. டாக்டரு மாத்தோணும்.

இருங்க, போனு. மாமாதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. சொல்லுங்க மாமா. குன்னத்தூரு தாண்டியாச்சுங்க மாமா.

'ம்ம்... மாப்ளே... படமெல்லாம் மறந்து போச்சு... ம்ம்... மறுபடி மொதல்ல இருந்து போடோணும்... மாப்ளை வந்து ஒக்காந்திருக்கறாரு... ம்ம்... நீங்க வந்தாத்தான் ஆரம்பிக்கோணும்.'

வர்றனுங்க மாமா. வெச்சர்றேன்.

கேட்டீங்களா தம்பி? 'மாப்ளே'ன்னாரு. சின்னங்கற சொல்லு வந்துச்சா? வரல. நான் வந்தாத்தான் ஆரம்பமாம். அவன் அங்க காத்துட்டு ஒக்காந்திருக்கறான். என்னுங்க? அவனுக்கும் 'பெரிய' போடலையா? 'மாப்ளை வந்து ஒக்காந்திருக்கறாரு'ன்னாரு... ஆமா. போடல. நல்ல காதுங்க உங்களுக்கு.

ரெண்டு பேரையும் ஒரே நாள்ல எதுக்குக் கூப்பிடறாருன்னுதான் தெரியல. எந்த வரிசைன்னு இன்னைக்கும் சண்டை வரும். நான் விடமாட்டேன். கல்லுமனுசன்தான் மொதல்ல.

ஸ்டாப்பு வரப் போவுது. அந்தப் பைய எடுங்க. இப்பச் சொல்லுங்க, நீங்க அந்தப் பருந்தரசிய நிறுத்திட்டுக் கல்லுமனுசன்ல இருந்து பாக்கறீங்கதானே?

என்னது?

எல்லாமே முன்னாலயே பாத்துட்டீங்களா? அந்த நாய்த் தொடர் வரைக்குமா? அப்புறம் எதுக்குங்க கோபியில இருந்து 'அப்புறம், அப்புறம்'னு கேட்டுட்டு வந்தீங்க?

சும்மா, நான் பேசறதக் கேக்கறதுக்கா.

அட, அப்ப எங்க மாமாவும்...

கண்டக்டரே, சித்த நிறுத்துங்க, எறங்கோணும்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இன்னொரு தடவை யாராவது இப்படிக் கதை சொன்னாங்கன்னா, அந்த மொகமூடி எடத்துல வாயப் பொளங்க. ஆனா கழண்டதுக்கு அப்புறமாப் பொளங்க. எங்க மாமா மாதிரி அவசரப்பட்டா மாட்டிக்குவீங்க.

சகலைகிட்ட நான் இதச் சொல்ல மாட்டேன். அவன் பாட்டுக்கு வரிசை போட்டுட்டுக் கெடக்கட்டும். மொதல்ல கண்டுபுடிச்சவன் நாந்தானுங்களே.